கிரவுன்-பினியன் கணக்கு: 4.10 போதுமா, 4.30 வேண்டுமா?

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) விகிதத்தை மாற்றலாமா, மாற்றினால் எந்த எண்? பதில்களுக்குள் போகும் முன் ஒன்று. 4.10 என்றால் பின்சக்கரம் ஒரு சுற்று வர பினியன் (எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் சிறு பல்சக்கரம்) 4.10 சுற்று வருகிறது. கிரவுனில் (பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம்) 41 பல், பினியனில் 10 பல். எண் கூடினால் இழுவை கூடும், ஆனால் ஒவ்வொரு கியரும் சீக்கிரம் தீர்ந்துபோகும். எண் குறைந்தால் நேர்மாறு. (ஏன் 4.00 என்று வட்டமாக ஒரு எண் எளிதில் கிடைப்பதில்லை என்று கேட்டிருந்தவருக்கு: 40-க்கு 10 என்றால் அதே பல்லோடு அதே பல்தான் காலத்துக்கும் உரசும். 41-க்கு 10 என்றால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் மாறி மாறிச் சேர்ந்து சீராகத் தேயும்.)

என்னிடம் இருப்பது 2013 டொயோட்டா 86, மேனுவல். கம்பெனி கொடுத்தது 4.10. நண்பர்களில் சிலர் 4.30 போடச் சொல்கிறார்கள், சிலர் செலவு செய்வதென்றால் 4.88-க்கே போய்விடு என்கிறார்கள். வாரநாளில் ஃபெடரல் ஹைவே, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செப்பாங். எதைப் போடலாம்?
— கே.ஆர்., ஷா ஆலம்

4.88 வேண்டாம். 4.30 போடலாம், போடாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் நண்பர்களின் வாயை விடக் கால்குலேட்டரை நம்பலாம்.

சக்கரத்தின் சுற்றளவை மீட்டரில் எடுத்து, எஞ்சின் ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி, 0.06-ஆல் பெருக்குங்கள். வந்ததைக் கியர் விகிதத்தாலும் டிஃபரன்ஷியல் விகிதத்தாலும் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். உங்கள் 215/45 ஆர்17 டயரின் விட்டம் 625 மி.மீ., சுற்றளவு 1.964 மீட்டர். இது காகிதக் கணக்கு. காரின் பாரத்தில் டயர் அமுங்குவதால் உண்மை இரண்டு மூன்று சதவீதம் குறைவாகவே இருக்கும். துல்லியம் வேண்டுமென்றால் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஆளை உள்ளே உட்கார வைத்து, காரை ஐந்து சுற்று உருட்டி, அளந்து, ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கியர் பாக்ஸின் விகிதங்கள் 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. எஞ்சினின் எல்லை 7,400 ஆர்பிஎம். 4.10-ல் இரண்டாவது கியர் 97 கி.மீ. வேகத்தில் முடிகிறது, மூன்றாவது 138, நான்காவது 175, ஐந்தாவது 213. 4.30-ல் அவை 93, 132, 167, 203. 4.55-ஐ ஒட்டிய விகிதத்தில் 87, 124, 158, 191. 4.88-ல் 82, 116, 147, 179.

முதலில் கவனிக்க வேண்டியது 93-க்கும் 97-க்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடம். 4.10 போட்ட கார் அந்த வேகத்தில் இன்னும் இரண்டாவது கியரில் இருக்கிறது. மொத்த விகிதம் (கியர் விகிதத்தை டிஃபரன்ஷியல் விகிதத்தால் பெருக்கியது) 8.97. 4.30 போட்ட கார் மூன்றாவதுக்கு மாறிவிட்டது. மொத்த விகிதம் 6.63. அதாவது பிக்கப்புக்காக மாற்றிய கார், அந்த நான்கு கிலோமீட்டர் வேகத்துக்கு, மாற்றாத காரை விடக் கால்பங்கு பலம் குறைந்தது. இதே மாதிரி ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் ஒட்டி ஒரு பள்ளம் உண்டு. டிஃபரன்ஷியல் எஞ்சினுக்குப் புதிதாக ஒரு குதிரைசக்தி கூடத் தருவதில்லை. கியர் மாற்ற வேண்டிய இடங்களைத்தான் நகர்த்துகிறது. ஆகவே கேள்வி ‘எது வேகம்’ என்பதல்ல, ‘நான் ஓட்டும் ரோட்டில் எந்த இடத்தில் கியர் மாற்றினால் எனக்கு வசதி’ என்பதுதான்.

இன்னொன்று. 4.88 போட்டால் கியர்கள் ‘நெருக்கமாகும்’ என்று சொல்வது வழக்கம். ஆகாது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் 7,400 ஆர்பிஎம் 5,210-க்கு விழும். அது கியர் பாக்ஸின் கணக்கு, பின்னால் எதைப் போட்டாலும் அதே 5,210 தான்.

இப்போது செப்பாங். 5.543 கி.மீ. சுற்று, கடைசி ஊசி வளைவுக்கு இருபக்கமும் இரண்டு நீண்ட நேர்பாதைகள். அங்கே பிரேக் பிடிக்கும் முன் உங்கள் கார் எட்டும் உச்ச வேகத்தை ஜிபிஎஸ் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்; விகிதத்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு எண் போதும். உதாரணத்துக்கு 190 என்று வைப்போம். 4.10-ல் ஐந்தாவது கியரில் 6,610 ஆர்பிஎம். 4.30-ல் 6,930. உங்கள் எஞ்சின் அதிகபட்ச சக்தியைத் தருவது 7,000-ல், ஆக இது கச்சிதம். 4.55-ல் 7,350, எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும், பின்காற்று அடித்தால் எரிபொருள் கட்-ஆஃப் விழும். 4.88-ல் ஐந்தாவது கியர் 179-லேயே முடிந்து, நேர்பாதையின் நடுவில் ஆறாவதுக்கு மாற்றி, 5,700-க்கு விழுந்து, அங்கிருந்து திரும்ப ஏற வேண்டும். குறுகலான, சிறிய டிராக்குகளில் மட்டும் ஓடுகிறவருக்கு 4.88 அர்த்தமுள்ள எண். செப்பாங்குக்கு அல்ல.

ஹைவேயில் 110 கி.மீ. வேகத்தில் ஆறாவது கியரில் இப்போது 2,940 ஆர்பிஎம். 4.30-ல் 3,080. காதுக்கு வித்தியாசம் தெரியாது. 4.88-ல் 3,490. தினமும் ஒரு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

4.30-ஐ நாங்கள் பரிந்துரைக்க இன்னொரு காரணம், 2017 முதல் இதே காரின் மேனுவல் மாடலுக்குக் கம்பெனியே 4.30-க்கு மாறியது. ஆட்டோமேட்டிக்கில் 4.10 தான் தொடர்ந்தது, ஆகவே வாங்கும்போது எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிரவுன்-பினியனை மட்டும் தனியாக வாங்கிப் பிரித்து மாட்டுவதை விட, பிந்தைய மேனுவல் காரின் டிஃபரன்ஷியலை முழு யூனிட்டாக எடுத்துப் போடுவது எவ்வளவோ நிம்மதி. கம்பெனி செட் செய்த பல் இடைவெளியைத் தொடாமல் விட்டுவிடலாம். உங்கள் காரில் ஸ்பீடோ மீட்டர் சக்கரத்தில் உள்ள ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வேகத்தை எடுப்பதால் அதில் கைவைக்க வேண்டியதில்லை.

அதற்கு முன் செலவே இல்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. அடுத்த முறை டயர் மாற்றும்போது 225/40 ஆர்17 போட்டுப் பாருங்கள். விட்டம் 612 மி.மீ. ஆகக் குறையும், அதாவது 4.10 என்பது 4.19 போல நடந்துகொள்ளும். பாதி வழிக்கு வந்துவிட்டீர்கள். தரை இடைவெளி ஏழு மி.மீ. குறையும், வேக மீட்டர் இரண்டு சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதோடு சரி.

1990 எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின், ஐந்து கியர், 4.30. 401 நெடுஞ்சாலையில் 120-ல் போனால் எஞ்சின் கத்துகிறது. விகிதத்தைக் குறைத்தால் அமைதியாகுமா? மீட்டர் தப்பாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?
— எஸ்.என்., ஸ்கார்பரோ

மீட்டர் தப்பாகக் காட்டும், அதுவும் ஆபத்தான பக்கமாக. உங்கள் காரில் வேக மீட்டரின் கேபிள் கியர் பாக்ஸின் வாலிலிருந்து வருகிறது. பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 4.30-ஐ எடுத்து 3.91 போட்டால், மீட்டர் 110 காட்டும்போது நீங்கள் 121-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 401-ல் அது டிக்கெட் வாங்கித் தரும் வித்தியாசம். கேபிள் முனையிலுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் புது விகிதத்துக்கு ஏற்ற பல் எண்ணிக்கையுள்ளதாக மாற்ற வேண்டும். டிஃபரன்ஷியல் வேலையோடு சேர்த்தே செய்துவிடுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் அது நடக்காது.

அமைதி விஷயத்துக்கு வருவோம். உங்கள் 185/60 ஆர்14 டயரில், ஐந்தாவது கியரில், 120 கி.மீ. வேகத்தில் இப்போது 3,860 ஆர்பிஎம். 4.10 போட்டால் 3,680. நூற்று எண்பது சுற்றுக்காகக் காரின் பின்பகுதியைப் பிரிப்பது வீண்வேலை. 3.91-ல் 3,510. 3.63-ல் 3,260, இது காதுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் அந்தச் சின்ன எஞ்சினுக்கு முறுக்கு விசை 5,500 ஆர்பிஎம் பக்கம்தான் உச்சம். 3,200-ல் மேட்டில் ஏறச் சொன்னால் நான்காவதுக்கு இறங்கச் சொல்லிக் கெஞ்சும். பிறகு எதற்கு அந்த ஐந்தாவது?

எண்ணை விடப் பெரிய சிக்கல் வேறொன்று. 1.6 காரில் இருப்பது 6 அங்குலக் கிரவுன். 1994 முதல் 1.8 எஞ்சினோடு வந்தது 7 அங்குலம். 3.91-ம் 3.63-ம் இந்த 7 அங்குல வகையில்தான் எளிதாகக் கிடைக்கின்றன. அதைப் போடுவதென்றால் டிஃபரன்ஷியல் மட்டும் போதாது. இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டும், பின்முனை ஃபிளாஞ்ச் (இணைப்புத் தட்டு) பெரிதாக உள்ள பிராப்பெல்லர் ஷாஃப்ட்டும் (கியர் பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் தண்டு) 1.8 காரிலிருந்தே எடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே காரிலிருந்து, ஒரே பேரமாக வாங்குங்கள். தனித்தனியாகத் தேடினால் கடைசிச் சாமான் கிடைக்காமல் கார் ஸ்டாண்டில் மாதக்கணக்கில் நிற்கும். கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தைத் திரும்ப மாட்டும்போது, கியர் பாக்ஸ் பக்கத்து உயரத்தை சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு வைத்து முறுக்க வேண்டும். கண்மதிப்பாக முறுக்கினால் ஷாஃப்ட்டின் கோணம் பிசகி, 90-க்கு மேல் இருக்கையில் அதிர்வு வரும். அதை எல்லோரும் டயர் பேலன்ஸ் என்று நினைத்து அலைவார்கள்.

ஆறு கியர் பாக்ஸ் ஒன்று சகாயமாகக் கிடைத்தால்? அதனோடு கம்பெனி 3.91 தான் கொடுத்தது. டாப் கியர் 0.843, மொத்தம் 3.30, உங்களுடையது 0.814-ம் 4.30-மாக 3.50. அந்த ஆறு கியரோடு உங்கள் 4.30-ஐ அப்படியே விட்டால் முதல் கியரின் மொத்த விகிதம் 16-ஐத் தாண்டும். சிக்னலைத் தாண்டும் முன்பே இரண்டாவது கேட்கும்.

எங்களைக் கேட்டால், முதலில் துணிக்கூரையின் ரப்பர் சீல்களையும் சைலன்சரையும் பாருங்கள். அந்த வயதுக் காரில் 120-ல் கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு எஞ்சினுடையது அல்ல.

ஒரு காரில் 4.10 ‘ரேஸ் விகிதம்’ என்கிறார்கள், இன்னொன்றில் 2.87 போட்டுக் கம்பெனியே விற்கிறது. எது நல்ல எண்?
— ப.வே., திருச்சி

தனியாக எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை. கியர் பாக்ஸோடு சேர்த்துப் பெருக்கினால்தான் அர்த்தம். இதற்குப் பாடப்புத்தக உதாரணம் பழைய பிஎம்டபிள்யூ எம்3, ஈ30 மாடல். ஒரே கார், ஒரே பெயர். ஐரோப்பாவில் விற்றதற்கு 3.25, அமெரிக்காவில் விற்றதற்கு 4.10. அமெரிக்கக் காரில்தான் பிக்கப் அதிகம் என்று நினைத்துவிடத் தோன்றும். ஆனால் ஐரோப்பியக் கியர் பாக்ஸில் ஐந்தாவது கியர் நேரடி, 1.00, அமெரிக்கக் காரில் ஐந்தாவது 0.81. பெருக்கினால் டாப் கியரில் ஒன்று 3.25, மற்றது 3.32. கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் கியரில்தான் வித்தியாசம்: 12.1-க்கு எதிராக 15.7. ஐரோப்பியருக்கு நெருக்கமான ஐந்து கியர்கள், அமெரிக்கருக்கு சிக்னலில் எழும்ப ஒரு குட்டைக் கியர்.

நீங்கள் சொல்லும் 2.87 இப்போதைய எம்எக்ஸ்-5 மேனுவல். அதன் முதல் கியர் 5.087. பெருக்கினால் 14.6. இரண்டாம் தலைமுறை ஆறு கியர் மாடலில் 3.760-ஐ 3.91-ஆல் பெருக்கினால் 14.7. எண் தலைகீழாக மாறியும் சக்கரத்துக்குப் போவது அதேதான்.

ஹாஃப்-கட் கடையில் (பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் இடம்) ஒரு டிஃபரன்ஷியல் வாங்கினேன். 4.30 என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மாட்டும் முன் எப்படிச் சரிபார்ப்பது?
— எம்.டி., ஈப்போ

ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ‘நாலே காலுக்கு மேல் வருகிறது’ என்று சொல்வதில் பயனில்லை. 4.10-க்கும் 4.30-க்கும் நடுவே ஒரு சுற்றில் கால் சுற்றுகூட வித்தியாசமில்லை. பத்துச் சுற்றுக்குக் கணக்கிடுங்கள்.

பெஞ்சில் வைத்து, பினியன் ஃபிளாஞ்சிலும் ஒரு பக்க வெளித்தண்டிலும் பெயிண்டால் புள்ளி வையுங்கள். மறுபக்கத் தண்டு அசையாமல் கட்டிவிடுங்கள். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் என்றால், ஒரு பக்கம் நின்றுவிட்டதால் மறுபக்கம் இரட்டை வேகத்தில் சுற்றும். ஆக, அது 20 சுற்று வந்தால் கிரவுன் 10 சுற்று வந்ததாக அர்த்தம். அதற்குள் பினியன் 41 சுற்று வந்தால் 4.10, 43 வந்தால் 4.30. ஒரு ஆள் சுற்ற, இன்னொரு ஆள் வாய்விட்டு எண்ணட்டும். பிளேட் வைத்த லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) என்றால் ஒரு பக்கத்தைக் கட்டினால் சுற்றவே விடாது. இரண்டு பக்கமும் சேர்ந்தே சுற்றட்டும், வெளித்தண்டு 10 சுற்று வரும்வரை பினியனை எண்ணுங்கள். பின்மூடியைக் கழற்றத் தயங்காதவர் கிரவுனின் ஓரத்தைத் துடைத்துப் பார்க்கலாம். பல கிரவுன்களில் 43, 10 என்று பல் எண்ணிக்கையே குத்தியிருக்கும்.

லிமிடெட் ஸ்லிப் என்று சொல்லி விற்றார்களா? ஒரு பக்கத்தைக் கையால் சுற்றுங்கள். மறுபக்கம் அதே திசையில் வந்தால் பிளேட் வகையோ, பிசுபிசுப்பான திரவத்தால் வேலை செய்யும் விஸ்கஸ் வகையோ இருக்கலாம். எதிர்த்திசையில் வந்தால் ஓப்பன் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், பல்சக்கரங்களால் வேலை செய்யும் டோர்சன் வகை லிமிடெட் ஸ்லிப்பும் பாரமில்லாதபோது அப்படிச் சுற்றக்கூடும். மூடியைத் திறந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, ஆயில் வடிக்கும் போல்ட்டின் காந்தம். பசை மாதிரி கருப்பு மை ஒட்டியிருந்தால் இயல்பு. விரல் நுனியில் குத்தும் துணுக்கு இருந்தால் எந்த விகிதமானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதுக் கிரவுன்-பினியன் வாங்கி ஒரு கராஜில் கொடுத்து மாட்டினேன். 70-க்கும் 90-க்கும் இடையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் ‘ஊய்’ என்று ஊளைச் சத்தம். மிதித்தால் நின்றுவிடுகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள்.
— அ.ஜெ., கொழும்பு

ஆகாது. ஓட ஓட அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி பல் தேய்ந்துவிடும். அதன்பின் எந்த ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அதை அடக்காது. இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

மிதிக்கும்போது பல்லின் ஒரு முகம் உழைக்கிறது, காலை எடுத்தால் மறுமுகம். காலை எடுக்கும்போது மட்டும் ஊளை என்றால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது பினியன் பேரிங்கின் ப்ரீலோடை (பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம்). பினியனின் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு. பினியன் நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங்குகளை வேண்டிய அளவு இறுக்கிப் பிடிக்கும். நசுக்குவதற்கு ஆளுயரக் கம்பி போட்டு முறுக்க வேண்டிய பலம் தேவை. ஆனால் சரியான இடம் வந்ததும் நட்டின் ஒரு சிறு திருப்பத்திலேயே தாண்டிப் போய்விடும். தாண்டியபின் சிலர் செய்யும் தவறு, நட்டைக் கொஞ்சம் தளர்த்திச் சரிக்கட்டுவது. நசுங்கிய ஸ்லீவ் திரும்ப எழாது. பேரிங் தளர்ந்து, காலை எடுத்ததும் பினியன் முன்னும் பின்னும் நகரும். தாண்டிவிட்டால் புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வேறு வழியில்லை.

சோதிப்பது எளிது. பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். இம்மியளவு ஆட்டம் இருந்தாலும் ப்ரீலோடு போய்விட்டது. (சுற்றுத் திசையில் உள்ள ஆட்டம் வேறு, அது பல் இடைவெளி, இருக்கத்தான் வேண்டும்.)

ஃபிளாஞ்ச் உறுதியாக இருந்தால் பல் பதிவைப் பார்க்க வேண்டும். ஆயிலை வடித்து, மூடியைத் திறந்து, கிரவுனின் நான்கைந்து பல்லைத் துடைத்துப் பிரஷ்யன் ப்ளூவோ மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்டோ மெலிதாகத் தடவுங்கள். கிரவுனை ஒரு கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனை இரு திசையிலும் சுற்றுங்கள். பதிவு பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். பல்லின் அடிவேரில் விழுந்தால் பினியன் கிரவுனுக்கு மிக அருகில் போய்விட்டது. உச்சியில் விழுந்தால் விலகி நிற்கிறது. பினியன் தலைக்குப் பின்னுள்ள ஷிம்மை மாற்றித்தான் இதைத் திருத்த முடியும், 0.05 மி.மீ. மாற்றமே பதிவில் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் பினியனைக் கழற்றி, பேரிங்கை இழுத்து, ஷிம் மாற்றி, திரும்ப அழுத்த வேண்டும் என்பதால்தான் அவசரக்காரர்கள் பழைய ஷிம்மையே போட்டுவிட்டு ‘சரியாக இருக்கும்’ என்பார்கள். பழைய ஷிம் பழைய பினியனுக்கானது. புதியதற்கு ஒத்துப்போனால் அது அதிர்ஷ்டம்.

அடுத்து டயல் கேஜை வைத்துக் கிரவுனின் நான்கு இடங்களில் பல் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் 0.1 மி.மீ. சுற்றுவட்டாரம், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே சட்டம். நான்கு இடமும் ஒத்துப்போகாமல் ஒன்று 0.08, இன்னொன்று 0.16 என்று வந்தால் கிரவுன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அடியில் பிசிறோ, உலர்ந்த பழைய போல்ட் பசையோ இருக்கும். கழற்றி, எண்ணெய்க் கல்லால் உரசி, புது போல்ட், புது லாக்கிங் பசையோடு மாட்ட வேண்டும்.

கிரவுனும் பினியனும் ஒரே பெட்டியில் வந்தவையா என்றும் பாருங்கள். இரண்டும் ஜோடியாகவே ஒன்றோடொன்று உரசி முடிக்கப்பட்டவை. ஒன்றைப் புதிது, மற்றதைப் பழையது என்று கலந்தால் ஆயுசுக்கும் பாடும்.

சரி செய்தபின் முதல் ஓட்டம் 20, 30 கி.மீ., மிதமான வேகம். பிறகு நிறுத்தி, ஹவுசிங்கில் கை வைக்க முடிகிற அளவு ஆறவிட்டு, மறுபடி. இப்படி இரண்டு மூன்று முறை. முதல் 800 கி.மீ. வரை முழு மிதி வேண்டாம், பிறகு ஆயிலை மாற்றிவிடுங்கள். புதுப்பற்கள் ஒன்றையொன்று உரசிப் பழகும்போது எழும் சூடு, தொடர்ந்து ஓட்டினால், மேற்பரப்பின் கடினத்தையே குலைத்துவிடும்.

முன்சக்கர ஓட்டமுள்ள ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன், கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட ஆசை. இதே வேலையை இதில் செய்ய முடியுமா?
— வி.எஸ்., கோவை

முடியும், ஆனால் அது கியர் பாக்ஸ் வேலை. முன்சக்கர ஓட்டத்தில் இறுதி விகிதம் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இறக்கி முழுவதும் பிரிக்காமல் தொட முடியாது. கரி டிராக் 2.1 கி.மீ. சுற்று, அங்கே உங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் அதிகம் உழைக்கும். விகிதத்துக்கு ஆகும் பணத்தை முதல் வருஷம் நல்ல டயரிலும் பிரேக் பேடிலும் போடுங்கள்.

1.8 எம்எக்ஸ்-5-ல் டர்போ போட்டு சுமார் 200 குதிரைசக்தி. ஐந்து கியர், 4.30. முதல் கியர் வெறும் டயர்ப் புகை. எந்த விகிதம்?
— ஜே.பி., லண்டன்

உங்களுக்கு எண் குறைய வேண்டும், 3.63. டர்போ போட்ட கையோடு கூடிய எண்ணைத் தேடுகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் சரியான பக்கம் யோசிக்கிறீர்கள். 195/50 ஆர்15 டயரில், 7,000 ஆர்பிஎம்மில், இப்போது முதல் கியர் 56 கி.மீ.-ல் முடிகிறது, இரண்டாவது 94-ல். உங்கள் ஊர்க் கணக்கில் 35 மைல், 58 மைல். 3.63 போட்டால் 67-ம் 111-ம். அதாவது 41, 69 மைல். அறுபது மைலை இரண்டாவது கியரிலேயே தாண்டிவிடலாம், ஒரு கியர் மாற்றம் மிச்சம். ஆக்ஸிலுக்குப் போகும் முறுக்கு 15 சதவீதம் குறைவதால் டயருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் அதிக நேரம் பாரத்தில் இருப்பதால் டர்போவுக்கும் பூஸ்ட் கட்ட அவகாசம் உண்டு.

4.10 வேண்டாமா என்றால், ஐந்து சதவீதத்துக்கு இந்த வேலையைத் தொடாதீர்கள்.

உங்களிடம் டோர்சன் இருந்தால் சாதாரண ஜிஎல்-5, 75டபிள்யூ-90 ஆயில் போதும். பிளேட் வகைக்கான உராய்வு குறைக்கும் மருந்தை அதில் ஊற்ற வேண்டாம், டோர்சன் வேலை செய்வதே பல் உராய்வில்தான். 7 அங்குல ஹவுசிங்குக்கு ஒரு லிட்டர். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் மேலே உள்ள நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆயிலை வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து இறுகியிருப்பதைக் கண்டுபிடித்தால் கார் அங்கேயே நிற்கும். வேலை முடிந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு டர்போவோடு சேர்த்து இதையும் எழுதிப் போட்டுவிடுங்கள்.